பொற்கொடிக்குப் போன பவர்

"உங்க தங்கச்சி பேர்லயா பவர் எழுதிக் குடுத்தீங்க? அப்ப நான் யாருங்க இந்த ஊட்டுல?"

ரிஜிஸ்டர் ஆபீஸிலிருந்து வந்த கிருபாசங்கரைச் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை புவனா.

"எட்டு மாசம்தானே புவனா. மஸ்கட் கேன்டீன் கான்ட்ராக்ட் முடிஞ்சதும் வந்துருவேன். அதுவரைக்கும் நம்ம ஹோட்டலுக்குக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேணுமில்ல?"

"ஆள் வேணும். பொண்டாட்டி வேண்டாம். அப்படித்தானுங்களே?"

அவர் பெட்டி அடுக்கப் போய்விட்டார்.

புவனா கான்வென்ட் படிப்பு, அதற்கு மேல் பி.காம். பொற்கொடி பத்தாவது. புருஷனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கு வந்தவள். ஹோட்டல் கிச்சனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொற்கொடி இப்போது அன்னூர் ஹோட்டலில் கல்லாவுக்குப் பின்னால், அண்ணனின் சுழல் நாற்காலியில்!

புவனாவுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில்தான். ஹோட்டலுக்குத் தினமும் மத்தியானம் போய் ஒரு கட்டுக் கட்டிவிட்டுக் குறை சொன்னாள்.

"கொள்ளு ரசமா இது? கை கழுவுன தண்ணியாட்ட இருக்குது."

"நாளைக்குச் சரி பண்ணிர்றேனுங்க நங்கை" என்பாள் பொற்கொடி. அண்ணியை அவள் 'நங்கை' என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தப் பணிவுதான் இன்னும் எரிந்தது. எதிர்த்துப் பேசினாலாவது நாலு வார்த்தை சூடாகக் கேட்கலாம்.

கேஸ் சிலிண்டர் வந்தால் பொற்கொடி கையெழுத்து. கோழி லோடு வந்தால் பொற்கொடி கையெழுத்து. புதிதாக வந்த மசாலா ஏஜென்ட் ஒருவன், "ஓனரம்மா எங்கீங்க?" என்று புவனாவிடமே கேட்டுத் தொலைத்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போய், கிழித்த காலண்டர் தாளின் பின்னால் தன் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தாள். முத்து முத்தாக இருந்தது. பொற்கொடியுடையது கோழி கிளறின மாதிரி இருக்கும். இருந்தென்ன, செல்லுபடியாவது அதுதான்!

இந்த நேரத்தில்தான் தாராபுரத்திலிருந்து தம்பி மனோஜ்குமார் வந்தான். ஹோட்டலில் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த டேபிளிலேயே எதிரே உட்கார்ந்து, டைப் அடித்த பத்திரத்தை நகர்த்தினான்.

"அக்கா, இந்த ஹாலை ரெண்டாத் தடுத்து ரோட்டுப் பக்கத்தை எனக்கு விட்டுரு. பைக் ஷோரூம் போடறேன். மாமா வர்றதுக்குள்ள முடிச்சுப்போடலாம். ஒரே ஒரு கையெழுத்துத்தான்க்கா."

புவனாவுக்கு வாயில் போட்ட சோறு அப்படியே நின்றது. ரோட்டுப் பக்கம் போனால் ஹோட்டலுக்கு வாசலே இல்லை. வாசல் இல்லாத ஹோட்டலுக்கு எவன் வருவான்?

ஆனால், இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. போன வருஷம் ஹோட்டல் வேனைக் கேட்டான், கொடுத்தாள். வேன் இன்னும் திரும்பவில்லை. ஊரையே வாயால் வறுத்தெடுக்கிற புவனாவுக்கு, அவன் 'அக்கா' என்று இழுத்தால் மட்டும் நாக்கு மடங்கிப்போகும்.

'முடியாது கண்ணு' வரவில்லை. 'சரி'தான் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் வயிற்றெரிச்சல் முந்திக்கொண்டது.

"எங்கிட்ட எங்கடா பவர் இருக்குது? அதா, மகாராணி உக்காந்திருக்கறா பாரு. அவளைப் போய்க் கேளு!"

மனோஜ் கல்லாவுக்குப் போனான். பொற்கொடி பத்திரத்தைப் படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"முடியாதுங்க. சாப்பிட்டுப்போட்டுப் போங்க."

"புருஷன் ஊட்டுல வாழ வக்கில்லாம அண்ணன் சோத்துக்கு வந்தவ, எனக்கு முடியாதுங்கறயா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கை அப்படியே நின்றது. பொற்கொடி முகம் சிவந்தது.

"அக்கா, உம்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீ தங்கம். எல்லாம் இந்த ராட்சசியால!" என்று கத்திவிட்டு மனோஜ் கிளம்பிப் போய்விட்டான்.

ஹோட்டல் வாசல் தப்பியது. புவனாவுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததுமே பழைய எரிச்சலும் வந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு நேரே கல்லாவுக்குப் போனாள்.

"நெசத்தைச் சொல்லு. பவரை உன் பேருக்கு எழுதச் சொன்னது யாரு?"

பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தானுங்க. அண்ணன் உங்க பேருக்கு எழுதறதாத்தான் இருந்தாங்க."

"அப்படிச் சொல்லு! எனக்கு அப்பவே தெரியும்டி..."

"தம்பி வந்து கேட்டா இல்லைன்னு சொல்ல உங்களுக்கு வாய் வராதுங்க நங்கை. அப்படியே சொல்லிப்போட்டாலும், அப்பறம் தம்பி ஊட்டுக்கு எப்படிப் போவீங்க?" பொற்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒரு கஷ்டம்னப்ப பொறந்த ஊடு தொறந்திருந்துச்சு, வந்துட்டேன். திட்டு என்னோட போகட்டும். உங்களுக்கும் பொறந்த ஊடு தொறந்தே இருக்கட்டுமுங்க."