வாய்தா வக்கீலின் முதல் வெற்றி

பதினான்கு வருஷமாக ஒரு கேஸ்கூட ஜெயிக்காத வக்கீலைத் தேடி ஒருவன் மாடியேறி வருகிறான் என்றால், ஒன்று அவனுக்கு விலாசம் தப்பியிருக்க வேண்டும், இல்லை விதி முற்றியிருக்க வேண்டும். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் அவனிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் மேலே அனுப்பினார்.

கோர்ட்டில் அவருக்கு ‘வாய்தா வக்கீல்’ என்று பெயர். கட்சிக்காரர்களுக்கு வாய்தாவைத் தவிர வேறெதையும் அவர் வாங்கித் தந்ததில்லை. மச்சினன் தன் சிமெண்ட் கடையில் அவருக்காக ஒரு நாற்காலியைத் துடைத்தே வைத்திருந்தான். இந்த மாதமும் ஒன்றும் தேறாவிட்டால் கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, ஒன்றாம் தேதியிலிருந்து அந்த நாற்காலியில் உட்காருவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

வந்தவன் கடிகார ஷோரூமில் ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டுக் கார் ஓட்டியவன், வேறு இடமே கிடைக்காத மாதிரி போக்குவரத்துப் போலீஸ் வைத்திருந்த தடுப்பில் கொண்டுபோய் மோதியிருந்தான். மெஷினில் ஊதச் சொன்னார்கள். அனுமதித்த அளவைப்போல மூன்று மடங்கு காட்டியது.

பட்ட காலிலே படும் என்பார்கள். அதே ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடந்த அவனுடைய ஷோரூமில் திருட்டு. விலையுயர்ந்த கடிகாரமாகப் பார்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கூட வேலை செய்யும் ஏழு பேரையும் போலீஸ் குடைந்து எடுத்தது. இவனை மட்டும் தொடவில்லை. இவன்தான் ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தானே.

அபராதம் உண்டு, ஆறு மாதம் லைசென்ஸ் போகும், நீதிபதி வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால் உள்ளேயும் போக வேண்டிவரும் என்று வக்கீல் விளக்கினார். மெக்கானிக் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

“செஞ்ச தப்ப ஒத்துக்கறேன் சார். முதலாளிதான் வக்கீல் இல்லாம போகக் கூடாதுன்னு பிடிவாதமா இருக்காரு. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா பக்கத்துல நின்னா போதும்.”

தோற்றதே இல்லை என்று பெயரெடுத்த ஒரு பெரிய வக்கீலை முதலாளி சொன்னாராம். அவ்வளவு பெரிய ஆள் தனக்கு எதற்கு என்று இவன் மறுத்துவிட்டானாம். குற்றப்பத்திரிகையோடு, போன மாதச் சோதனையில் இதே மெஷினில் ஊதி சைபர் காட்டிய ஸ்லிப்பையும் கொடுத்தான். தான் வழக்கமாகக் குடிக்கிறவன் இல்லையாம். இப்படியும் ஒரு யோக்கியனா என்று வக்கீலுக்கு மனசு இளகிவிட்டது.

“ஊர்ல இத்தனை வக்கீல் இருக்க, என்னைத் தேடி வந்திருக்கான் பாரு” என்றார் மனைவியிடம்.

“அதான் எனக்கும் புரியல” என்றாள் அவள்.

பெரிய வக்கீல்களுக்குக் கேஸ் கட்டைப் பிரித்துப் பார்க்க நேரம் இருக்காது. இவருக்கு நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. குற்றப்பத்திரிகையை ஏழு தடவை படித்தார். ஏழாவது தடவை நிமிர்ந்து உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை ஊதிய ஸ்லிப்பில் சோதனை நேரம் மூன்று மணி ஐந்து நிமிடம். கூட இணைத்திருந்த பணிப்பட்டியலில், ஊதச் சொன்ன காவலர் வேலைக்கு வந்ததே மூன்றரைக்கு. கடமை உணர்ச்சி இருக்க வேண்டியதுதான், அதற்காக வேலைக்கு வருவதற்கு முன்பேவா ஆளைப் பிடிப்பார்கள்?

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்டதும், மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் வக்கீல் எழுந்துவிட்டார். அவன் பின்னாலிருந்து கோட்டைப் பிடித்து இழுத்தான். பாவம், பயப்படுகிறான் என்று நினைத்த வக்கீல் அவன் கையை அன்போடு தட்டிவிட்டார்.

நேரம் இடிப்பதை வக்கீல் கேட்டதும், ஸ்லிப்பில் இருக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் நோட்டில் எழுதுவது வழக்கம் என்று காவலர் உண்மையைச் சொன்னார். அடுத்த வாய்தாவுக்கு மெஷினையே கொண்டு வந்தார்கள். கோர்ட் சுவரில் மணி பதினொன்று இருபது. மெஷினில் பத்து இருபது. நேரத்தையே சரியாகச் சொல்லத் தெரியாத மெஷின், வயிற்றில் இருப்பதை மட்டும் எப்படிச் சரியாகச் சொல்லும் என்று வக்கீல் கேட்டார். நீதிபதியே சிரித்துவிட்டார்.

மெக்கானிக் விடுதலை. வக்கீலுக்குக் கண் கலங்கியது. மச்சினனின் நாற்காலியில் இனி மச்சினனே உட்கார்ந்துகொள்ளட்டும்.

விடுதலையானவன் மட்டும் இடி விழுந்தவன் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வேறொரு வழக்குக்காகக் கடைசி வரிசையில் காத்திருந்த குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து, வக்கீலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ரொம்ப நன்றி சார். ஷோரூம்ல அலாரம் அடிச்சது மூணு மணிக்கு. மூணு அஞ்சுக்கு இவன் ஊருக்கு அந்தக் கோடியில எங்க ஆளுங்ககிட்ட ஊதிட்டிருந்தான்னு ஸ்லிப் சொல்லுச்சு, அதான் நாங்க இவனைக் கேக்கவே இல்லை. ஊதினது நாலு அஞ்சுக்குன்னு நீங்க நிரூபிச்சுட்டீங்க. போன மாசமும் இதே மெஷின்ல ஊதினவன். வாட்ச் மெக்கானிக் கண்ணுக்கு ஒரு மணி நேரம் தப்புமா?”

வக்கீல் மெதுவாகத் தன் கட்சிக்காரன் பக்கம் திரும்பினார். இன்ஸ்பெக்டரிடம் விலங்குக்குக் கையை நீட்டியபடியே அவன் கேட்டான்:

“ஊர்ல இத்தனை வக்கீல் இருக்க, தோக்கறதுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்லைன்னுதானே சார் உங்களைத் தேடி வந்தேன்?”