அடைக்க முடியாத காற்று

ஜன்னலே இல்லாத குடியிருப்பு அது. எல்லோருக்கும் பொதுவான ஒரே குழாயிலிருந்து வீட்டுக்கு வீடு ஒரு மோட்டார் அளந்து இழுத்துத் தள்ளும் காற்றுதான் உயிர். பக்கத்து வீட்டு மரகதத்தின் குழந்தை மூச்சுக்குத் திணறுவதைக் கேட்டுப் பிலோமினாவுக்கு மனம் பொறுக்கவில்லை. தன் பங்கு அங்கே போகட்டுமென்று ஜெபித்தபடியே, தன் வீட்டுக் காற்றுத் துவாரத்தில் பழைய சேலையைத் திணித்தாள். அளவு குறையவிடாத மோட்டார் வேகமெடுத்து, அதே காற்றை அவளுக்கே தள்ளியது. இன்னொரு சேலையையும் திணித்தாள். மோட்டார் அலறியது.

மரகதம் துவண்ட குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள்.

"மோட்டாரை இந்த ஓட்டு ஓட்டுறியேக்கா, எம் புள்ளை காத்தையும் நீயே உறிஞ்சிக்கிட்டா நல்லாயிருப்பியா?"

பிலோமினா வாயெடுப்பதற்குள் வாசலில் காறித் துப்பிவிட்டுப் போய்விட்டாள்.

பிலோமினா அதைத் துடைத்தாள். பெட்டியில் மிச்சமிருந்தது கல்யாணச் சேலை ஒன்றுதான். அதையும் எடுத்துத் திணித்தாள்.