பேர் வெட்டிய வாள்

"நல்லா பாத்து சொல்லுங்க பாய். இது திருட்டுக் கத்தியா, இல்லியா?"

வில்லியனூரில் அப்துல் ஹலீமின் பழைய பித்தளைக் கடை. வாளை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டவர் பாகூர் அன்புராஜ், மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். பெண்ணைப் பெற்ற கரிக்கலாம்பாக்கம் தங்கவேல் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"இவங்க வூட்டுக்கு ஊர்ல கத்தித் திருடன் வூடுன்னுதான் பேரு. இவரு தாத்தா வெள்ளக்காரன் பங்களாவுல வேல செஞ்சப்போ அடிச்சிகினு வந்ததாம்."

"வெலைக்கு வாங்கினதுன்னு எங்கப்பா சொல்லுவாரு" என்றார் தங்கவேல்.

"யாருகிட்ட?"

தங்கவேலுக்குத் தெரியவில்லை.

ஹலீம் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"முதுகுல பட்டறை பேரு, வருஷம் 1886. இந்த ரெண்டு சின்ன வட்டம் சோதிச்சவன் அடிச்ச முத்திரை. பிரெஞ்சு காலாட்படை ஆபீசர் வாள். அசல்." கண்ணாடியைக் கொஞ்சம் கீழே நகர்த்தினார். "இங்க பேரு வெட்டியிருக்குது. லெப்டினன்ட் மொரெல்."

"அப்புறம் இன்னா? பேரு வெட்டின பொருள எவனாவது விப்பானா? எங்கம்மா பேரு வெட்டின ஓட்ட சொம்பக்கூட நாங்க இன்னும் விக்கல!"

"இருப்பா. கைப்பிடியில களிம்பு ஏறிக் கிடக்குது. தேச்சா இன்னும் ஏதாவது தெரியலாம். நாளைக்கு வாங்க."

படி இறங்கும்போது தங்கவேல் திரும்பினார். "எம்பொண்ணு மஞ்சுளா நேத்துலேருந்து சாப்பிடல பாய்."

அவர்கள் போனதும் மகன் மாலிக் பொறுக்க முடியாமல் கேட்டான். "அந்தப் பேர மட்டும் சொல்லாம வுட்டிருக்கலாம் இல்ல அத்தா?"

"இருந்துது. சொன்னேன்."

அத்தா அப்படித்தான். ஆசையாய் வாங்கி வந்த பொருளைப் போலி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அவர் வாயால் உடைந்த ஆசைகள் எத்தனையோ. இப்போது ஒரு கல்யாணம்.

மறுநாள், புளி போட்டுத் தேய்த்த கைப்பிடி முழுக்கப் பளபளவென்று இருந்தது. ஹலீம் அதைத் திருப்பிக் காட்டினார். அடியில் கடுகளவு பிறை.

அன்புராஜ் குனிந்து பார்த்தார். "எங்க வூட்டு அண்டாவுலயும் இது இருக்குதே?"

"இருக்கும். எங்க தாத்தா கடை முத்திரை. வித்த பொருள் ஒண்ணுவிடாம அடிச்சுத்தான் குடுப்பாரு. அவரோடயே அந்தப் பழக்கமும் நின்னுபோச்சு."

"அப்படின்னா…"

"தங்கவேல் தாத்தா எங்க கடையிலதான் வெலைக்கு வாங்கியிருக்காரு."

"எவனோ திருடினத உங்க தாத்தா வாங்கி வித்தாரா?"

"அப்படித்தான் வச்சுக்கயேன்."

அன்புராஜ் சிரித்துவிட்டார். "நல்ல யாவாரம் பாய்!" வாசலுக்குப் போய் போனை எடுத்தார். "மச்சான், சுத்தமான குடும்பந்தான். வெள்ளிக்கெழம தட்டு மாத்திக்கலாம். திருட்டுச் சரக்கு வித்தது வில்லியனூர் பாய் கடைதானாம்!"

தங்கவேல் ஹலீமின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடை காலியானதும் மாலிக் கொதித்தான். "உண்மன்னா அப்படியே கொட்டிடறதா? இனிமே பாகூர் பூரா நம்ம தாத்தா பேரு நாறும்."

"நாறட்டும். அவருக்கு இனிமே பொண்ணு பாக்கப் போறதில்லயே."

ஹலீம் தொழுகைக்குக் கிளம்பினார். கோபத்தோடு மேஜையைத் துடைத்த மாலிக், புளிச்சக்கைக்குப் பக்கத்தில் கிடந்ததைப் பார்த்துக் கையை நிறுத்தினான்.

தகரப் பெட்டியில் அறுபது வருஷமாய் யாரும் தொடாமல் கிடந்த தாத்தாவின் பிறை உளி. உடம்பெல்லாம் துரு. முனை மட்டும் அப்போதுதான் அடித்ததுபோல் மின்னியது.