ஒரு டேங்குக்கு ஒரு மூடி

நஜீமுதீனுக்கு வாயில் வந்ததையெல்லாம் மென்று விழுங்க வேண்டியிருந்தது.

கன்னையனின் பருத்திக்காடு இடுப்பளவுக்கு மதர்த்து நின்றது. இலையைத் திருப்பினால், அடியில் தயிரைத் தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாய்ப் பூசணம்.

குண்டடத்துக்கு விவசாய யோசனை சொல்லும் கிராம சேவக்காக வந்த நாளிலிருந்து அவர் தொண்டை வற்றக் கத்தியது இதைத்தானே! பிஞ்சு உதிராமல் இருக்கத்தான் வளர்ச்சி ஊக்கி. தெளிக்கும் டேங்குக்கு ஒரு மூடி, அவ்வளவுதான். கூடினால் செடி கொழுக்கும், காட்டுக்குள் காற்று நுழையாது, ஈரம் காயாது, நோய் வந்து குடியேறிவிடும்.

யார் கேட்டார்கள்? கூட ரெண்டு சொட்டு விட்டால் கூட ரெண்டு காய் பிடிக்காதா என்கிற ஆசை. இவர்களோடு மாரடித்தே ஆயுசு போய்விடும் போலிருந்தது.

எரிச்சலோடு சட்டைப்பையிலிருந்து மூக்குப்பொடி டப்பியை எடுத்தார். அதன் மூடி தொலைந்து மூன்று மாதமாகிறது. காகிதம் வைத்து நூல் சுற்றியிருந்தார். பிரிப்பதற்குள் பாதிப் பொடி காற்றோடு போயிற்று. அதுவும் கன்னையன் செய்த குற்றமாகவே பட்டது.

கன்னையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இந்த வெள்ளாமையும் போனால் காட்டை விட்டுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியுமாகத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போக வேண்டியதுதான். அங்கிருக்கும் மச்சான் ஏற்கெனவே வரச்சொல்லி அனுப்பிவிட்டார்.

எத்தனை மூடி ஊற்றினீர்கள் என்று நஜீமுதீன் நாலாவது தடவையாகக் கேட்டார். ஒன்றுதான் என்று நாலாவது தடவையாகச் சொன்னான் கன்னையன். கூசாமல் பொய் சொல்கிறானே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கன்னையனின் பெண்டாட்டி ரங்காத்தாளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. விடுவிடுவென்று காட்டோரத்து வீட்டுக்குள் போய், மஞ்சள் துணி முடிச்சு ஒன்றோடு வந்தாள்.

"நீங்க மொத நாள் கலக்கிக் காட்டுனீங்கல்லங்க, அதே மூடிதானுங்க. வேற மூடியில ஊத்துனா அளவு தப்பிருமின்னு, இதையத்தான் சாமி மாடத்துல பத்திரமா வெச்சிருக்கறமுங்க."

முடிச்சை அவிழ்த்தாள். புளி போட்டுத் துலக்கிய பித்தளை மூடி. மருந்து பாட்டிலின் மூடியைப் போல மூன்று மடங்கு இருக்கும்.

பாட்டில் மூடியில் அளந்த மருந்தை, அன்றைக்கு இதில் விட்டுத் தண்ணீரில் கரைத்து டேங்கில் ஊற்றிக் காட்டியது நஜீமுதீனுக்கு நினைவு வந்தது. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

கன்னையனின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, மூடியை வாங்கித் தன் பொடி டப்பியின் மேல் வைத்து அழுத்தினார்.

டப்பென்று உட்கார்ந்தது.