குருவிக்கு ஒரு நூல்

கிட்டுசாமிக்கு அன்று காலை இருப்புக் கொள்ளவில்லை. பத்து மணிக்கு வனத்துறை அதிகாரி வருகிறார். அவர் பார்த்துத் தலையாட்டினால்தான் குளக்கரை இயற்கை மையத்தில் அடுத்த வருஷமும் கிட்டுசாமி கோடை முகாம் நடத்தலாம். முகம் சுளித்தால் இந்த வருஷத்தோடு சரி.

ஆறு மணிக்கே வந்து புதருக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருக்கும் மனுஷன், ஐம்பத்தெட்டு வயசில், கொசுக்கடியைத் தாங்கிக்கொண்டு!

காரணம், பிசிறு. தைத்து முடித்த துணியில் வெட்டி எறிவார்களே, அந்த நூல் துணுக்கு. முகாமுக்கு வரும் முப்பது குழந்தைகளும் வெயிலில் குனிந்து குனிந்து கரையைச் சுத்தம் பண்ணி வைத்தால், நாலு நாளாக விடிந்ததும் புதரடியில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கிறது.

அதுவும் எந்தப் புதரில்? ‘குருவிக்கு ஒரு நூல்’ திட்டத்துக்கென்று ஒதுக்கிய புதரில்! அது கிட்டுசாமியின் சொந்த யோசனை. ஆளுக்கொரு கலர் நூல். நுனியில், பனியன் கழுத்தில் தைக்கிற துணி லேபிள். அதில் கட்டியவர் பெயர். சாயங்காலம் கட்டினால் மறுநாள் குழந்தைகள் வருவதற்குள் குருவி கூடு கட்ட எடுத்துப் போயிருக்கும்.

தொடக்க நாளில், போட்டோவில் நன்றாகத் தெரியட்டும் என்று இரண்டு முழச் சிவப்பு நூலை எடுத்து முதல் ஆளாகக் கட்டியவர் அவர்தான். மறுநாள் பார்த்தால் மூன்று நூலைக் காணோம். அதில் அவருடையதும் ஒன்று. அப்புறம் தினமும் எல்லா நூலும் காணோம். அந்தப் பெருமையை அவர் போடாத வாட்ஸ்அப் குரூப் பாக்கியில்லை.

செருப்புச் சத்தம் கேட்டது. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், கையில் மஞ்சள் பை. புதரடியில் குனிந்தாள். பைக்குள் கைவிட்டு அள்ளினாள். தூவினாள்.

“நில்லுங்க!” கிட்டுசாமி பாய்ந்தார். “கையும் களவுமாச் சிக்கிட்டீங்களா? கம்பெனிக் குப்பையைக் கொட்டறதுக்கு வேற எடமே கெடைக்கலீங்களா உங்களுக்கு?”

எவ்வளவு கோபம் வந்தாலும் ‘ங்க’ மட்டும் விட்டுப் போகாது. கொங்கு நாக்கு அப்படி.

“தப்புத்தானுங்க சார். போயிட்டு வர்றனுங்க.”

“எங்க போறீங்க? பேரென்ன?”

“பழனாத்தாளுங்க. வீரபாண்டியில பிசிறு வெட்டறனுங்க. எட்டரைக்குக் கம்பெனியில இருக்கோணுமுங்க.”

“பத்து மணிக்கு ஆபீசர் வர்றாரு. அவரு முன்னால நின்னு, நான்தான் கொட்டினேன்னு சொல்லிட்டு அப்புறம் போங்க. பையைக் காட்டுங்க.”

அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “வேண்டாமுங்க சார். கொழந்தைக வர்ற நேரமுங்க.”

“வரட்டும். அவங்களும் பார்க்கட்டும்.”

பிடுங்கிக் கவிழ்த்தார். பொத்தென்று விழுந்தது ஒரு கலர் நூல் குவியல். நுனியில் லேபிள்கள். நிதா, தரணி, முகிலன்... நேற்றுச் சாயங்காலம் குழந்தைகள் கட்டிய அத்தனையும்.

கிட்டுசாமி குவியலையும் வெறும் புதரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்படீன்னா... இத்தனை நாளும் குருவி எடுக்கலீங்களா? நீங்கதான் திருடினீங்களா?”

“மொத நாளு குருவிதானுங்க எடுத்துச்சு.” பழனாத்தாள் எதிரே இருந்த வேலமரத்தைக் காட்டினாள். “அஞ்சு நாளைக்கு முன்னால அந்த மரத்துக் கூட்டுல இருந்து ஒரு குஞ்சு தொங்கிட்டு இருந்துச்சுங்க. கால்ல நூலு சுத்தி இறுக்கியிருந்துச்சு. எங்கிட்டப் பிசிறு வெட்டற டிரிம்மர் இருந்துச்சு, வெட்டிப் பிரிச்சனுங்க. அதுக்குள்ள உசுரு போயிருச்சு.”

கிட்டுசாமி அண்ணாந்து அந்தக் கூட்டைப் பார்த்தார்.

“நீள நூலு ஆகாதுங்க சார். அதான் இதையெல்லாம் அவுத்துட்டு, வெரல் நீளம்கூட இல்லாத பிசிறாப் பார்த்துப் போடறனுங்க. இது கால்ல சுத்தாது. குருவிக்கும் மெத்துனு இருக்கும்.”

“இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே!”

“சொன்னா கொழந்தைக காதுக்குப் போயிருமுங்க. லேபிள்ல பேரு இருக்குதுல்ல. நாம கட்டுன நூலாலதான் குஞ்சு செத்துச்சுன்னு தெரிஞ்சா, அந்தக் கொழந்தைக்கு அப்புறம் சோறு எறங்குமுங்களா?”

கேட் பக்கம் வேன் வந்து நின்றது. பழனாத்தாள் சட்டென்று குனிந்து நூலையெல்லாம் வாரிப் பைக்குள் திணித்தாள்.

“சார்!” எட்டு வயது நிதா மூச்சிரைக்க ஓடி வந்து புதரைப் பார்த்தாள். “ஹைய்யா! என் நூலையும் குருவி கொண்டுபோயிருச்சு!” குதித்துக்கொண்டே மற்றவர்களைக் கூப்பிட ஓடினாள்.

பழனாத்தாள் முகமெல்லாம் சிரிப்பாக அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்த அம்மாவையா ஆபீசர் முன்னால் நிறுத்தப் பார்த்தோம் என்று கிட்டுசாமிக்கு வெட்கமாக இருந்தது.

“குஞ்சு கால்ல சுத்துன நூலு, அந்த லேபிளை என்ன பண்ணினீங்க?”

“குஞ்சைப் பொதைச்சுட்டனுங்க. இதை எங்க போடறதுன்னு தெரியாம வெச்சிருக்கறனுங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க.”

“எங்கிட்டக் குடுங்க. அந்தக் குழந்தைக்குக் கடைசி வரைக்கும் தெரியாம நான் பார்த்துக்கறேன்.”

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

சிவப்பு நூல். நறுக்குப் பட்டது போக, இன்னமும் நீளமாக இருந்தது. லேபிளைத் திருப்பினார். மார்க்கர் பேனாவில், அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: ‘கிட்டுசாமி, முகாம் அமைப்பாளர்.’

பழனாத்தாள் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“பாவம், எந்தக் கொழந்தைங்க சார்?”