நிறுத்தச் சொல்ல ஒரு சைகை

பீடி எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டபோது சிங்காரத்தின் விரலில் அது தட்டுப்பட்டது.

ஒரு காட்டர் பின். புதுசு. இரண்டாக மடித்த கம்பி, கால்கள் நேராக இருந்தன.

பீடியை மறந்தான்.

பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த ஹெரால்டு காரின் முன்சக்கரம் இரண்டுக்கும் காலையில் பேரிங் மாற்றியவன் அவன்தான். நட்டை இறுக்கி, அது கழன்று வராமல் குறுக்கே இந்தப் பின்னைச் செருகி, கால்களை விரித்து மடக்கி, மேலே கிரீஸ் மூடியை அடிக்க வேண்டும். டப்பாவிலிருந்து இரண்டு பின் எடுத்ததாகத்தான் நினைவு. வலப்பக்கம் முடித்தது நன்றாகத் தெரியும். இடப்பக்கம் செய்துகொண்டிருந்தபோது யாரோ வண்டி தள்ளக் கூப்பிட்டார்கள். போனான். வந்தான். மூடியை அடித்தான்.

நடுவில் பின் போட்டானா?

எவ்வளவு யோசித்தும் அந்த இடம் மட்டும் இருட்டாக இருந்தது.

பின் இல்லாத நட்டு உடனே கழலாது. ஆடி ஆடித்தான் கழலும். ஐந்து சுற்று தாங்கலாம், ஆறு தாங்கலாம். அப்புறம் சக்கரம் தனியாகப் போய்விடும். பந்தயம் பத்துச் சுற்று. மூன்று முடிந்திருந்தது.

கல்பாக்கத்துக்கு வடக்கே, சண்டைக் காலத்தில் போட்டுக் கைவிட்ட விமான ஓடுதளம் அது. மோட்டார் கிளப்காரர்கள் தார் டிரம்களையும் மணல் மூட்டைகளையும் அடுக்கிப் பாதை ஆக்கியிருந்தார்கள். ஹெரால்டை ஓட்டுகிற பாலசுப்ரமணியனுக்கு வாரத்தில் ஆறு நாள் அணுமின் நிலையத்தில் வரைபடம் போடுகிற வேலை. மூன்று வருஷமாக ஒரு கப்புக்கு அலைகிறவர். இன்றைக்கு முதல் ஆளாக ஓடிக்கொண்டிருந்தார்.

"இன்னா சிங்காரம், உங்க சாரு இன்னிக்குப் பறக்குறாரு? டேங்க்ல சாராயம் ஊத்திக்கினு வந்துட்டியா?" என்றான் பக்கத்து வண்டி மெக்கானிக் முத்துசாமி.

சிங்காரம் பாதை ஓரத்து மணல் மூட்டைகளிடம் போய் நின்றான்.

நாலாவது சுற்று. கானலுக்குள்ளிருந்து வெள்ளை ஹெரால்டு வந்தது. இடது முன்சக்கரம் ஆடுவது போல இருந்தது. ஆடாதது போலவும் இருந்தது.

தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசினான்.

பாலசுப்ரமணியன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வண்டி முன்னைவிட வேகமாகச் சீறிக்கொண்டு போனது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. துண்டை வீசினால், பின்னால் ஒருத்தன் நெருங்குகிறான், மிதி என்று அர்த்தம். விரலைக் காட்டினால் மிச்சமுள்ள சுற்று. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டது இவ்வளவுதான். நிறுத்தச் சொல்ல ஒரு சைகை வேண்டும் என்று மூன்று வருஷத்தில் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

ஐந்தாவது சுற்றில் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினான். தொண்டை கிழியக் கத்தினான். அவர் சந்தோஷமாக ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்.

கொடிக்காரர் ஓடுதளத்தின் அந்தக் கோடியில் இருந்தார். ஓடிப்போய்ச் சேர்வதற்குள் இரண்டு சுற்று ஆகிவிடும்.

வளைவுக்கு அப்பால் குடை பிடித்துக்கொண்டு சாரின் சம்சாரம் லோகநாயகி உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் கேரியர்.

ஆறாவது சுற்றில் சிங்காரம் மணல் மூட்டையைத் தாண்டினான். பாதையின் நடுவில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டான்.

டயர் தேய்கிற சத்தம். ரப்பர் கருகிய வாடை. கண்ணைத் திறந்தபோது ஹெரால்டு சுழன்றுபோய், தார் முடிகிற இடத்தில் டிரம்களை இடித்து நின்றிருந்தது. பின்னால் வந்த ஃபியட் ஒதுங்கப் பார்த்து மணல் மூட்டையில் ஏறியிருந்தது. அதை ஓட்டியவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். விரலிடுக்கில் ரத்தம்.

பந்தயத்தை நிறுத்திவிட்டுக் கிளப் ஆட்கள் நாலைந்து பேர் ஓடி வந்தார்கள்.

சிங்காரம் ஹெரால்டிடம் ஓடினான். இடது முன்சக்கரத்தின் முன்னால், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினான். இடுப்பில் செருகியிருந்த குறடை எடுத்து மூடியை நெம்பித் திறந்தான்.

"பைத்தியமாடா உனக்கு? கைக்கு வந்த கப்புடா! அந்த மனுஷனுக்கு மண்டை உடைஞ்சு கிடக்கு பாரு!" பாலசுப்ரமணியன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

சிங்காரம் எழுந்து உள்ளங்கையை விரித்தான்.

"காலைல மாட்டாம வுட்டுட்டேன் சார். பையில கெடந்துச்சு. நீயே பாரு சார்."

அவர் குனிந்து பார்த்தார். கிரீஸுக்கு நடுவில் நட்டின் துளை காலியாக இருந்தது.

ஓங்கிய கை இறங்கியது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"செஞ்ச தப்பை மறைக்காம, உயிரைக் கொடுக்க வந்து நின்னியேடா."

ஃபியட்காரர்கூட ஒரு கையால் நெற்றியைப் பிடித்தபடி, இன்னொரு கையால் அவன் தோளைத் தட்டினார். லோகநாயகி அழுதுகொண்டே கும்பிட்டாள். பாலசுப்ரமணியன் அவன் உள்ளங்கையிலிருந்த பின்னை எடுத்துத் தன் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். டீ குடிக்க எல்லோரும் பந்தல் பக்கம் நடந்தார்கள்.

"நீ போ சார். தோ வந்துர்றேன்."

சிங்காரம் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. செருப்பில்லாத வலது குதிகாலை மணலில் அழுத்திக்கொண்டு நின்றான். அதன் அடியில் இன்னொரு காட்டர் பின், கிரீஸோடும் குறடு கடித்த தடத்தோடும், சதையில் குத்திக்கொண்டிருந்தது.

அவன் மூடியைத் திறந்தபோது, காலையில் மாட்டிய மாதிரியே, அது நட்டில் கச்சிதமாக இருந்தது.