கிளவுட் எங்கே இருக்கு?

“கிளவுட், கிளவுட்னு சொல்றீங்களே மாப்பிள்ளை, அது எங்கதான் இருக்கு?”

மனைவி இப்படிக் கேட்டதும் தணிக்கை அதிகாரிக்கு உடம்பு கூசியது.

ஓய்வு பெற்ற பின்னும் அக்கம்பக்கத்தில் அவருக்கு அதுவே பெயர். பிறரைக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவர். தமக்கு ஒன்று தெரியாது என்று யாரிடமும் சொல்லிப் பழகாதவர். அவர் வீட்டில் இப்படியொரு கேள்வியா, அதுவும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையிடம்?

பழைய ஃபோனில் உள்ளவற்றைப் புதியதற்கு மாற்றித் தர மாப்பிள்ளை வந்திருந்தார். அவற்றுள் அதிகாரியின் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது காலமான தம்பியின் படங்களில். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி அண்ணனைக் கேலியாகப் பார்த்துச் சிரிக்கும் படங்கள். வேறு பிரதி கிடையாது.

‘படமெல்லாம் கிளவுட்ல ஏறிடுச்சு மாமா’ என்று மாப்பிள்ளை சொன்னபோது, “அதானே!” என்று தலையசைத்துவிட்டு, அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். அந்த நேரம் பார்த்துத்தான் மனைவி வாயைத் திறந்திருந்தாள்.

“ஜன்னலைத் திறந்து அண்ணாந்து பாரு, தெரியும்” என்றார் அதிகாரி, மாப்பிள்ளை பக்கம் கண்ணைச் சிமிட்டி.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. வேறு ஏதோ ஊரில் ஒரு கம்பெனி பெரிய பெரிய கம்ப்யூட்டர்களை வைத்திருக்கிறது, நம் படங்களின் பிரதி அங்கே போய்ப் பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான் என்று பொறுமையாகச் சொன்னார். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

அடுத்து ‘சிங்க்’ என்றொரு சொல் வந்தது. இரண்டு ஃபோனும் இப்போது சிங்க் ஆகியிருக்கிறதாம். அதிகாரி மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார்.

“சிங்க்னா என்னங்க மாப்பிள்ளை?”

அதிகாரிக்கு மானம் கப்பலேறியது. டீ எடுத்து வரும் சாக்கில் அவளைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“நீ என்ன பச்சைக் குழந்தையா? வீட்டுக்குப் போய் நம்ம பொண்ணுகிட்ட சொல்லிச் சிரிக்கப் போறார். இனிமே வாயைத் திறந்தே, பார்.”

“சரிங்க” என்று அவள் டீயை வடிகட்டினாள்.

இருவரும் திரும்பி வந்தபோது மாப்பிள்ளை சிங்க் என்பதை விளக்கத் தொடங்கினார். அதிகாரி அவரைக் கையமர்த்தி, தெரிந்த விஷயம்தான் என்றார். பழைய ஃபோனைக் குடியிருப்பின் காவலாளிக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதில் உள்ள படங்களையெல்லாம் அழிக்க வேண்டியதுதான் பாக்கி. புது ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, அவர் பழைய ஃபோனைக் கையில் எடுத்ததைக் கவனிக்கவில்லை. அதிகாரி ஒருமுறை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார்.

மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். விரல் இறங்குவதற்குள் கேட்டுவிட்டாள்.

“மாப்பிள்ளை, இதுல அழிச்சா அதுல இருக்குமா?”

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்துப் பதறி, அந்த ஃபோனைப் பிடுங்காத குறையாக வாங்கினார். “இருக்காது அத்தை. ரெண்டும் சிங்க்ல இருக்கு. இங்க அழிச்சா கிளவுட்லயும் போயிடும், புதுசுலயும் போயிடும். இதுல இருக்கற மாமாவோட அக்கவுன்ட்டை முதல்ல எடுத்துடணும், அப்புறம் அழிச்சா இங்க மட்டும்தான் போகும். நல்லவேளை கேட்டீங்க.”

தம்பியின் சிரிப்பு அதிகாரியின் கண்முன் வந்து மறைந்தது. ஆனாலும் நாக்கு அடங்கவில்லை.

“எனக்குத் தெரியாததா? எடுத்துட்டுத்தான் அழிக்கறதா இருந்தேன். இவ மக்குக் கேள்வியைப் பெரிசா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை.”

மாப்பிள்ளை மீதி வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினார். வழியனுப்ப மனைவி கூடவே படியிறங்கினாள். மேசைமேல் மாப்பிள்ளையின் சார்ஜர் கிடப்பதைப் பார்த்த அதிகாரி அதை எடுத்துக்கொண்டு படிவரை வந்தார்.

கீழே பேச்சுக் குரல் கேட்டது.

“அத்தை, ஒண்ணு கேக்கலாமா? போன மாசம் உங்க பொண்ணு ஃபோன் மாத்தினப்போ, எனக்கு நேரமில்லைன்னு, கிளவுட்லேருந்து சிங்க் வரைக்கும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான். இன்னைக்கு ஏன் ஒண்ணும் தெரியாத மாதிரி…”

“மெதுவா பேசுங்க மாப்பிள்ளை. உங்க மாமாவுக்கு ஒண்ணு புரியலைன்னா கேக்கமாட்டார். கண்ணாடியைத் துடைப்பார். அவர் துடைக்கறப்பல்லாம் நான் கேட்டுடுவேன். கல்யாணமான நாள்லேருந்து அப்படித்தான்.”

“மாமாவுக்கு இது தெரியுமா?”

“தெரிஞ்சா அப்புறம் துடைக்கவும் மாட்டாரே.”

அதிகாரி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

தம்பியின் கட்டிலருகே டாக்டர் நோயை விளக்கிய நாள் நினைவுக்கு வந்தது. வாய்க்குள் நுழையாத சொல் ஒவ்வொன்றுக்கும், ‘அப்படின்னா என்ன டாக்டர்?’ என்று இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வெளியே வந்ததும், வராந்தாவில் நாலு பேர் பார்க்க, ‘படிச்சவங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியாதா?’ என்று அவர் சீறினார். அன்றும் ‘சரிங்க’ என்றுதான் சொன்னாள். அன்று தம்பிக்கு என்ன நோய் என்று அவருக்கு விளங்கியதே அவள் கேட்ட கேள்விகளால்தான்.

படிகள் மங்கலாகத் தெரிந்தன. கண்ணாடியைக் கழற்றினார்.

படியேறி வந்தவள் தலைநிமிர்ந்தாள். சார்ஜரும் கையுமாக அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டாள். அடுத்த நொடியே, ஒன்றும் தெரியாதவள்போல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்:

“ஏங்க, இது எந்த ஃபோனோட சார்ஜர்? எனக்கு ஒண்ணும் புரியலையே.”